மகாநாமர் கேட்ட கேள்விகள்

கபிலவத்துவில் மகாநாமர் என்றொரு சாக்கியர் இருந்தார். புத்தருக்குப் பங்காளி. தம்பி அனுருத்தர் துறவு பூண்டு சங்கத்தில் சேர்ந்துவிட, அண்ணன் மகாநாமர் வீட்டோடு நின்றார். நிலபுலம், பெண்டு பிள்ளை, ஊர்ப் பொறுப்பு எல்லாம் அவர் தலையில். ஆனாலும் புத்தரிடம் போய்க் கேள்வி கேட்பதில் மனிதர் சலித்ததே இல்லை. பாலி சூத்திரங்களில் அவர் பெயர் வரும் இடங்களைச் சேர்த்து வைத்துப் படித்தால், இல்லறத்தில் இருப்பவர் தம் பௌத்த நம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது, அடுத்தவரிடம் எப்படி வளர்ப்பது என்பதற்கு ஏறக்குறைய முழுப்பாடமே கிடைத்துவிடும். பௌத்தத்தில் நம்பிக்கை என்றால் என்ன, அதற்கு உழைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இவரைத்தான்.

தம்பி துறந்ததும் அண்ணன் தங்கியதும் எப்படி என்று விநயபிடகத்தில் ஒரு கதை உண்டு. சாக்கியக் குடும்பங்களிலிருந்து வீட்டுக்கொருவராகப் புத்தர் பின்னால் போய்க்கொண்டிருந்த காலம். நம் வீட்டிலிருந்து மட்டும் யாரும் போகவில்லையே, ஒன்று நீ போ, இல்லாவிட்டால் நான் போகிறேன் என்றார் மகாநாமர். செல்லமாக வளர்ந்த அனுருத்தர், எனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் தாங்காது, நீங்களே போங்கள் அண்ணா என்றார். அப்படியென்றால் வீட்டு வேலையைத் தெரிந்துகொள் என்று அண்ணன் சொல்லத் தொடங்கினார். நிலத்தை உழ வேண்டும், விதைக்க வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், மிஞ்சிய நீரை வடிக்க வேண்டும், களை பறிக்க வேண்டும், அறுக்க வேண்டும், கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவர வேண்டும், போரடிக்க வேண்டும், வைக்கோலைப் பிரிக்க வேண்டும், பதரைத் தூற்ற வேண்டும், தானியத்தை வீடு சேர்க்க வேண்டும். அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து. இந்த வேலை என்றைக்குத்தான் முடியும் என்று தம்பி கேட்டார். முடிவதே இல்லை, அப்பாவும் தாத்தாவும் வேலை முடியாமலேதான் போய்ச் சேர்ந்தார்கள் என்றார் அண்ணன். அப்படியானால் வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுருத்தர் கிளம்பிவிட்டார்.

முடியாத வேலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டவர் மகாநாமர். அதனால்தான் அவருக்குக் கிடைத்த பதில்கள் நமக்கும் பயன்படுகின்றன.

எட்டும் பதினாறும்

அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் தொகுதியில், நிக்ரோதாராமத்தில் தங்கியிருந்த புத்தரிடம் மகாநாமர் நான்கு கேள்விகள் கேட்கிறார். முதலாவது, ஒருவர் எப்போது உபாசகர், அதாவது இல்லறச் சீடர் ஆகிறார்? புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும்போது என்பது பதில். இரண்டாவது, எப்போது அவர் சீலமுள்ள உபாசகர்? உயிரைக் கொல்வது, கொடுக்காததை எடுப்பது, தகாத காமம், பொய், மயக்கம் தரும் குடி இந்த ஐந்தையும் விட்டு விலகும்போது. இதுவரை நமக்குத் தெரிந்த திரிசரணமும் பஞ்சசீலமும்தான்.

மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. தன் நன்மைக்கு மட்டும் நடந்துகொண்டு, பிறர் நன்மைக்கு நடக்காத உபாசகர் எப்படியிருப்பார்? புத்தர் ஒருவரை வர்ணிக்கிறார். அவரிடம் நம்பிக்கை இருக்கிறது. சீலம் இருக்கிறது. ஈகை இருக்கிறது. பிக்குகளைக் காணும் ஆவல் இருக்கிறது, நல்ல தம்மத்தைக் கேட்கும் ஆவல் இருக்கிறது. கேட்டதை மனத்தில் நிறுத்துகிறார், நிறுத்தியதன் பொருளை ஆராய்கிறார், பொருள் விளங்கிய பின் அதன்படி நடக்கிறார். எட்டுத் தகுதியும் உண்டு. இவ்வளவு நல்லவரை நம் ஊரில் தேடிப் பிடிப்பதே சிரமம். ஆனால் இந்த எட்டில் எதையும் அடுத்தவரிடம் உண்டாக்க அவர் முனைவதில்லை. தானும் நன்மை பெற்றுப் பிறருக்கும் நன்மை தேடுபவர் யார் என்பது நான்காவது கேள்வி. அதே எட்டுத்தான். தானும் நம்பிக்கை உடையவர், பிறரையும் நம்பிக்கையில் ஊக்குவிப்பவர். தானும் ஈகிறவர், பிறரையும் ஈகைக்குத் தூண்டுபவர் என்று ஒவ்வொன்றும் இரண்டாகிறது. எட்டு பதினாறாகிவிடுகிறது.

அடுத்த சூத்திரத்தில் ராஜகிருகத்து மருத்துவர் ஜீவகர், தம் மாந்தோப்பில் இதே நான்கையும் கேட்டு இதே பதில்களைப் பெறுகிறார். ஒருவர் நிலக்காரர், இன்னொருவர் வைத்தியர். இருவருமே காவி உடுத்தாதவர்கள். அறத்தை எடுத்துச் சொல்வது பிக்குவின் வேலை, தானம் கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்தது என்று நினைக்கும் வழக்கம் பௌத்த நாடுகளிலேயே உண்டு. அந்த வழக்கத்துக்கு இந்த இரண்டு சூத்திரங்களிலும் இடமே இல்லை.

எட்டின் வரிசையையும் கவனிக்க வேண்டும். நம்பிக்கை முதலில் நிற்கிறது. ஆராய்வதும் நடப்பதும் கடைசியில் வருகின்றன. பாலியில் சத்தா என்று சொல்லப்படும் இந்த நம்பிக்கை, ஒரு வழியில் கால் வைக்கத் தேவையான அளவு மனத்துணிவு. புத்தர் சொன்னது சரியாக இருக்கும் என்ற துணிவில் ஒருவர் கேட்கப் போகிறார், கேட்டதை ஆராய்கிறார், ஆராய்ந்ததைச் செய்து பார்க்கிறார், செய்ததில் பலன் தெரிந்ததும் முதலில் இருந்த துணிவு உறுதியாகிறது. ஆராயாத நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் புத்தகோசர் விசுத்திமார்க்கத்தில் தெளிவாகச் சொல்கிறார். நம்பிக்கை மிகுந்து அறிவு குறைந்தவர் நம்பத் தகாததையெல்லாம் நம்பிவிடுவார். அறிவு மிகுந்து நம்பிக்கை குறைந்தவர் சூது பக்கம் சாய்ந்துவிடுவார். இரண்டும் நிகராக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

இந்தப் புத்தகோசர் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து எழுதியவர். மகாநாமரின் கேள்விகள் அடங்கிய அங்குத்தர நிகாயத்துக்கும் அவர் உரை செய்தார். யார் கேட்டுக்கொண்டதால் அந்த உரையை எழுதினேன் என்று நூலின் முடிவில் சொல்லியிருக்கிறார். முன்பு காஞ்சிபுரத்தில் தம்மோடு தங்கியிருந்த ஜோதிபாலர் என்னும் தேரர் அவர். பிறரை ஊக்குவிப்பதைப் பேசும் ஒரு நூலின் உரையே ஒரு நண்பரின் ஊக்கத்தால் பிறந்தது என்பதும், அந்த நட்பு நம் காஞ்சியில் வேர் கொண்டது என்பதும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

வீட்டுக்குள் முயற்சி

சொந்த முயற்சி என்றதும் கண்ணை மூடி உட்காருவது மட்டுமே நினைவுக்கு வருகிறது. பௌத்தம் முயற்சியை நான்காகப் பிரிக்கிறது. வராத தீய எண்ணம் வராமல் பார்த்துக்கொள்வது ஒன்று. வந்துவிட்டதை விட்டுவிடுவது ஒன்று. வராத நல்லெண்ணத்தை வரவழைப்பது ஒன்று. வந்த நல்லெண்ணத்தைக் காத்துப் பெருக்குவது ஒன்று. நான்கும் சந்தையில், அடுப்படியில், அலுவலகத்தில் செய்யக்கூடியவை. இதில் தோற்பதும் சகஜம். மகாநாமரே தோற்றிருக்கிறார். மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு சூத்திரத்தில் அவர் புத்தரிடம் மனம் விட்டுச் சொல்கிறார். பேராசை, வெறுப்பு, மயக்கம் மூன்றும் மனத்தின் அழுக்கு என்று நீங்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறீர்கள், எனக்கும் புரிகிறது, ஆனாலும் சில நேரம் இவை என் மனத்தை வந்து பிடித்துக்கொள்கின்றன, என்னிடம் எது இன்னும் விலகாமல் இருக்கிறது? புத்தர் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, இதெல்லாம் ஒன்றுமில்லை என்று தேற்றவும் இல்லை. உன்னுள் விடப்படாத ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது போயிருந்தால் நீ இல்லறத்தில் இன்பம் துய்த்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். காமத்தின் கேடு அறிவுக்குப் புரிந்தால் மட்டும் போதாது, அதைவிட உயர்ந்த இன்பம் கிடைக்கும்வரை மனம் அங்கேயே போய்க்கொண்டிருக்கும் என்று விளக்கினார். புரிந்தும் ஏன் மாறவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் ஒவ்வொரு உபாசகரும் படிக்க வேண்டிய சூத்திரம் இது.

அந்த உயர்ந்த இன்பத்துக்கு வீட்டுக்காரருக்கு வழி என்ன? இதற்கும் விடை மகாநாமருக்குச் சொன்னதில்தான் கிடைக்கிறது. மகாநாமர் நோயில் கிடந்து எழுந்திருந்த சமயம் அது. பிக்குகள் புத்தருக்குச் சீவரம் தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்து முடித்ததும் அவர் ஊரை விட்டுப் புறப்பட்டுவிடுவார் என்ற செய்தி மகாநாமர் காதுக்கு வந்தது. அவர் போன பிறகு நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வது என்று கேட்கப் போனார். புத்தர் முதலில் ஐந்தைச் சொன்னார். நம்பிக்கை, வீரியம், விழிப்பு, மன ஒருமை, மெய்யறிவு. இவற்றில் நின்றுகொண்டு ஆறு நினைவுகளை வளர்த்துக்கொள் என்றார். புத்தரை நினைப்பது, தம்மத்தை நினைப்பது, சங்கத்தை நினைப்பது, தன் சீலத்தை நினைப்பது, தன் ஈகையை நினைப்பது, நற்குணங்களால் தேவரானவர்களை நினைப்பது.

முதல் மூன்றும் எல்லா விகாரைகளிலும் ஓதப்படுபவை. தன் சீலத்தையும் தன் ஈகையையும் நினைப்பது நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். செய்ததைச் சொல்லிக்காட்டாதே என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. இரவு படுக்குமுன், இன்று ஒருவரை ஏமாற்றியிருக்கலாம், ஏமாற்றவில்லை. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று தனக்குள் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது. அப்படி நினைக்கும் நேரத்தில் ஆசையும் வெறுப்பும் மனத்தில் நுழைய இடமில்லை. மனம் நேராகிறது, மகிழ்ச்சி வருகிறது, மகிழ்ச்சியில் உடல் அமைதியாகிறது, அமைதியில் சுகம் பிறக்கிறது, சுகத்தில் மனம் ஒருமைப்படுகிறது. சூத்திரம் இந்தப் படிகளை இதே வரிசையில் அடுக்குகிறது. நம்பிக்கை வளரும் முறை இதுதான்: நல்லது செய்தவர் தாம் செய்ததைத் தாமே கண்டு உறுதி பெறுகிறார்.

நடக்கும்போதும், நிற்கும்போதும், உட்காரும்போதும், படுக்கும்போதும், வேலையில் மூழ்கியிருக்கும்போதும், பிள்ளைகள் நெருக்கியடிக்கும் வீட்டில் இருக்கும்போதும் இதைச் செய் என்று புத்தர் சேர்த்துச் சொன்னார். பிள்ளைகள் நிறைந்த வீட்டை அவர் தடையாக எண்ணவில்லை. நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு 2,500 ஆண்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது.

இருந்தும் மகாநாமருக்கு ஒரு பயம் விடவில்லை. கபிலவத்து சனநெருக்கம் மிகுந்த ஊர். புத்தரைத் தரிசித்துவிட்டு மாலையில் ஊருக்குள் நுழைந்தால், தறிகெட்டு வரும் யானை, குதிரை, தேர், வண்டி, ஆள் என்று எதிலாவது மோதிக்கொள்ள நேரும். அந்த நொடியில் புத்தரைப் பற்றிய நினைவு சிதறிப் போய்விடுகிறது. அப்போது செத்துப்போனால் என் கதி என்ன என்று கேட்டார். பயப்படாதே மகாநாமா என்றார் புத்தர். கிழக்கே சாய்ந்து வளர்ந்த மரத்தை அடியில் வெட்டினால் எந்தப் பக்கம் விழும் என்று திருப்பிக் கேட்டார். சாய்ந்த பக்கம்தான் என்றார் மகாநாமர். வெகுகாலம் நம்பிக்கையிலும் சீலத்திலும் ஈகையிலும் பழகிய மனம் ஒரு நொடி தடுமாறியதற்காகப் பாழாய்ப் போய்விடாது என்பது அதன் பொருள். எத்தனை பேருக்கு இந்த ஆறுதல் தேவைப்படுகிறது! ஒருநாள் கோபம் வந்துவிட்டால், ஒருநாள் சீலம் தவறிவிட்டால், இத்தனை நாள் செய்ததெல்லாம் போச்சு என்று கையை விரித்துவிடுபவர்கள் அதிகம்.

அடுத்தவரிடம் போவதற்கு முன்

பிறருக்காக நடப்பது, தனக்காக நடப்பது என்ற இரண்டையும் வைத்து அங்குத்தர நிகாயத்தின் நான்காம் தொகுதி மனிதரை நான்கு வகையாக்குகிறது. இரண்டும் செய்யாதவர் கடைசி. இரண்டும் செய்பவர் முதல். நடுவில் வரும் இருவரில் யார் மேல்? பிறருக்குச் சொல்லிக்கொண்டு தான் நடக்காதவரைவிட, தான் நடந்து பிறருக்குச் சொல்லாதவரே மேல் என்கிறது சூத்திரம். ஊக்குவிக்கக் கிளம்பும் எல்லாரும் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பொய் பேசும் தகப்பன் பிள்ளைக்குப் பஞ்சசீலம் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது பொய்யைத்தான்.

சொல்லும் முறைக்கும் விதி உண்டு. ஒருமுறை உதாயி என்னும் பிக்குவைச் சுற்றிப் பெரிய கூட்டம் கூடியிருந்தது. ஆனந்தர் அதைப் புத்தரிடம் சொன்னார். அவர் மகிழ்ந்து பாராட்டவில்லை. பிறருக்குத் தம்மம் சொல்வது எளிதல்ல ஆனந்தா என்று தொடங்கி ஐந்து நிபந்தனைகளைச் சொன்னார். படிப்படியாகச் சொல்ல வேண்டும். காரணம் காட்டிச் சொல்ல வேண்டும். கேட்பவர்மேல் உள்ள இரக்கத்தால் சொல்ல வேண்டும். ஆதாயம் கருதிச் சொல்லக் கூடாது. தன்னையும் பிறரையும் புண்படுத்தாமல் சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உபாலி என்ற செல்வரின் கதை சாட்சி. அவர் நாளந்தாவைச் சேர்ந்தவர், மகாவீரரின் அடியவர். புத்தரை வாதத்தில் வெல்லப் போய், அவர் பேச்சில் மனம் மாறி, என்னை உபாசகனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். வேறு யாராக இருந்தாலும் கொடி கட்டி ஊர்வலம் விட்டிருப்பார்கள். புத்தரோ, நன்றாக யோசித்துச் செய், உன்னைப் போல நாடறிந்தவர்கள் அவசரப்படக் கூடாது என்றார். அதோடு, உன் குடும்பம் வெகுகாலமாகச் சமண முனிவர்களுக்கு உணவளித்து வருகிறது, அவர்கள் வந்தால் தொடர்ந்து கொடு என்றும் சொன்னார். ஆள் சேர்ப்பதை ஊக்கம் என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நோயாளியின் கட்டிலருகே

ஊக்கம் உண்மையில் தேவைப்படும் இடம் நோயாளியின் கட்டில். இதையும் மகாநாமர்தான் கேட்டார். நல்லறிவுள்ள ஓர் உபாசகர் நோயில் கிடக்கிறார், அவரைப் பார்க்கப் போகும் இன்னொரு உபாசகர் என்ன சொல்ல வேண்டும்? கேட்பவரும் இல்லறத்தார், போகிறவரும் இல்லறத்தார், கிடப்பவரும் இல்லறத்தார். சம்யுத்த நிகாயத்தில் இருக்கும் அந்தப் பதில் நுணுக்கமானது.

முதலில் நான்கு ஆறுதல்கள். உங்களுக்குப் புத்தர்மேல் அசையாத நம்பிக்கை இருக்கிறது, தம்மத்தின்மேல் இருக்கிறது, சங்கத்தின்மேல் இருக்கிறது, குறையில்லாத சீலம் இருக்கிறது என்று அவருடைய சொத்தை அவருக்கே நினைவூட்ட வேண்டும். அதன் பிறகு கேட்க வேண்டும்: அப்பா அம்மாவைப் பற்றிக் கவலை இருக்கிறதா? இருக்கிறது என்றால், நீங்கள் கவலைப்பட்டாலும் படாவிட்டாலும் சாவு வரத்தான் போகிறது, அந்தக் கவலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். விட்டேன் என்றால் அடுத்து மனைவி மக்கள். அதையும் விட்டால் உலக இன்பங்கள். அதையும் விட்டால் தேவலோகங்கள் ஒவ்வொன்றாகப் பிரம்மலோகம் வரை. கடைசியில் பிரம்மலோகமும் நிலையற்றது, அங்கிருந்தும் மனத்தை எடுத்து முழு விடுதலையில் வையுங்கள் என்று சொல்ல வேண்டும். இப்படி விடுதலை பெற்ற உபாசகரின் மனத்துக்கும், விடுதலை பெற்ற பிக்குவின் மனத்துக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்று புத்தர் முடிக்கிறார். ஓர் இல்லறத்தார் இன்னோர் இல்லறத்தாரை எவ்வளவு தூரம் அழைத்துப் போகலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய உறுதிமொழி எனக்குத் தெரிந்து பாலி நூல்களில் இல்லை.

அறிவுரைக்கு முன் என்ன கவலை என்று கேட்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எதுவும் ஆகாது, சரியாகிவிடும் என்று நாம் நோயாளியிடம் சொல்லும் வார்த்தை அந்த உரையாடலில் எங்கும் வரவில்லை.

நகுலமாதா என்ற பெண்மணி யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைச் செய்தார். பர்க்க நாட்டில் அவர் கணவர் நகுலபிதா கடும் நோயில் கிடந்தார். மனக்கவலையோடு சாகாதீர்கள், அப்படிச் சாவது துன்பம் என்று மனைவி பேச ஆரம்பித்தார். நான் போனால் இவள் பிள்ளைகளைக் காப்பாற்றுவாளா, குடும்பம் நடத்துவாளா என்று நினைக்கலாம். எனக்குப் பருத்தி நூற்கத் தெரியும், கம்பளி ரோமம் சிக்கெடுக்கத் தெரியும், நான் நடத்துவேன். இவள் வேறு கல்யாணம் செய்துகொள்வாளோ என்று நினைக்கலாம். 16 வருஷமாக நாம் இருவரும் இல்லறத்திலேயே பிரம்மச்சரியம் காத்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவள் புத்தரையும் சங்கத்தையும் மறந்துவிடுவாளோ என்று நினைக்கலாம். இப்போதைவிட அதிகமாக அவர்களைக் காணப் போவேன். என் சீலத்தில் சந்தேகமா, மன அமைதியில் சந்தேகமா, தம்மத்தில் நான் உறுதியாகக் காலூன்றியதில் சந்தேகமா? சந்தேகம் இருந்தால் புத்தர் பக்கத்தில்தான் இருக்கிறார், போய்க் கேளுங்கள்.

கணவர் பிழைத்துக்கொண்டார். கம்பை ஊன்றிக்கொண்டு புத்தரைப் பார்க்கப் போனபோது, உன்மேல் இரக்கம் கொண்டு அறிவுரை சொல்ல இப்படியொரு மனைவி கிடைத்தது உனக்குப் பெரும் பேறு என்றார் புத்தர். நகுலமாதா கடைசியாகத் தொட்டது தம்மம். முதலில் தொட்டது பருத்தியும் கம்பளியும். சாகப்போகும் மனிதனின் முதல் கவலை அடுப்பு எரியுமா என்பதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மகாநாமரிடம் ஒரு குறை

மகாநாமரை இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. பிற்கால ஜாதக உரை சொல்லும் கதை இது. கோசல மன்னர் பசேனதி சாக்கியரிடம் பெண் கேட்டார். சாக்கியருக்குக் குலப்பெருமை அதிகம், கொடுக்க மனமில்லை. மன்னருக்குப் பயந்து மறுக்கவும் துணிவில்லை. மகாநாமருக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகள் இருந்தாள், வாசபகத்தியா. அவளைச் சத்திரியப் பெண் என்று சொல்லி அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. நம்பாத கோசலத் தூதர்கள், அப்பா தம் தட்டில் மகளோடு சேர்ந்து உண்ண வேண்டும் என்று கேட்டார்கள். மகாநாமர் தட்டில் கை வைத்த நேரத்தில், முன்னேற்பாட்டின்படி ஓலையொன்று கொண்டுவரப்பட்டது. வலக்கை தட்டில், இடக்கையில் ஓலை. அவர் வாசித்துக்கொண்டே இருக்க, பெண் சாப்பிட்டு முடித்துவிட்டாள். தூதர்கள் நம்பிப் போனார்கள். பின்னால் அவள் பெற்ற மகன் விடூடபன் பாட்டனார் ஊருக்கு வந்தபோது, அவன் உட்கார்ந்த பலகையைப் பால் கலந்த நீரால் கழுவினார்கள். விஷயம் தெரிந்த விடூடபன் அரசனானதும் படையெடுத்து வந்து சாக்கியரை அழித்தான்.

சொந்த மகளோடு ஒரே தட்டில் உண்ணத் தயங்கிய கை, சங்கத்துக்கு உயர்ந்த உணவு படைப்பதில் முதன்மையானவர் என்று புத்தரே பாராட்டிய கை. கதை நடந்தது நடந்தபடியே இருக்க வேண்டியதில்லை; ஆனால் பௌத்தர்களே இதை எழுதி வைத்தார்கள் என்பது முக்கியம். பிறப்பால் வரும் உயர்வு தாழ்வை அசைக்காத நம்பிக்கை, எத்தனை சூத்திரம் கேட்டாலும் அரைகுறைதான் என்பது என் தீர்மானமான கருத்து.

தமிழில் அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள்

பிறப்பால் வரும் உயர்வு தாழ்வை அசைக்க வேண்டிய அந்த இடத்திலிருந்துதான் அயோத்திதாசர் தொடங்கினார். சித்த வைத்தியரான அவர் 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் மறையும்வரை வாரந்தோறும் எழுதினார். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் போன்ற இடங்களில் கிளைச் சங்கங்கள் வளர்ந்தன. பூமிக்கடியில் பொன் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் அவற்றில் கூடினார்கள். அவர் மறைந்த பின்னும் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ‘தமிழ’னை மீண்டும் நடத்தினார். இவர்கள் யாரும் பிக்குகள் அல்லர். தாம் ஏற்றதை ஒரு பைசா விலையில் அடுத்தவர் கையில் சேர்த்தவர்கள்.

அயோத்திதாசரோடு சேர்ந்து உழைத்த பேராசிரியர் பி. லட்சுமி நரசு, அதே 1907இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். 1948இல் அந்த நூலின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் முதலில் சந்திரமணி மகாதேரரிடம் தாம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். அதன் பிறகு திரும்பி நின்று, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே அவற்றைச் சொல்லிக்கொடுத்து, 22 உறுதிமொழிகளையும் ஏற்கச் செய்தார். அவர் இல்லறத்தார். இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 6 அன்று காலமானார்.

இதைப் படிக்கும் நீங்கள் திரிசரணம் ஏற்றவரானால், அடுத்த பௌர்ணமிக்கு விகாரைக்குத் தனியாகப் போகாதீர்கள். வெகுநாளாக வராத ஒருவரின் வீட்டுப் பக்கமாகப் போய், நான் போகிறேன், நீங்களும் வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் நோயில் படுத்திருந்தால் அன்றைக்கு விகாரைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு என்ன கவலை என்று விசாரியுங்கள்.